கோயில் விழாக் கமிட்டிக்கு ஒரு கடுதாசி: அண்டா கிட்ட நின்னவங்களைப் பத்தி

கமிட்டியில இருக்கற பெரியப்பா, சித்தப்பா, அண்ணன்மாரு எல்லாத்துக்கும் வணக்கமுங்க.

நான் நம்ம பங்காளி வகையறாவுல பொறந்து வெளிய கட்டிக்குடுத்த பொண்ணு. தாலி கழுத்துல ஏறின அன்னிக்கே எனக்குக் கோயில் மாறிப்போச்சு, அதனால இந்தக் கோயில் விசயத்துல பேச உனக்கென்ன ரைட்ஸ்னு நீங்க கேட்டா பதில் சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்ல. ஆனா போன மாசி சிவராத்திரிக்கு வந்தேன், வெறகு ஊதி ஊதி கண்ணு செவக்க பொங்கல் வெச்சேன், கடைசிப் பந்தியில சாப்பிட்டேன், மேடையில நடந்ததையும் பார்த்தேன். அதைப் பத்தித்தான் எழுதறேன். நேர்ல வந்து சொன்னா "காபி குடிச்சியா அம்மிணி"ன்னு கேட்டே பேச்சை மாத்தி அனுப்பிருவீங்க, எனக்குத் தெரியும், அதனாலதான் நாலு பேரு படிக்கட்டும்னு பொதுவுல போடறேன். கோவிச்சுக்காதீங்க.

அன்னிக்கு 11 பேருக்கு பொன்னாடை போத்துனீங்க. புதுசா ரைஸ்மில் போட்டவரு, ரெண்டாவது போர் வண்டி (ஆழ்துளைக் கிணறு போடற ரிக் வண்டி) எடுத்தவரு, அன்னதானத்துக்கு 50,000 குடுத்தவரு, பையனுக்கு மெடிக்கல் சீட்டு "வாங்கினவரு" (மைக்ல அப்படித்தான் சொன்னாங்க, நானா சேர்த்துக்கல). எல்லாருக்கும் வாழ்த்துகள், எனக்கு யாரு மேலயும் பொறாமை இல்ல. ஆனா அந்த ஒரு மணி நேரமும் எங்கப்பா வேட்டிய மடிச்சுக்கட்டிட்டு சாம்பார் அண்டா கிட்ட கரண்டியோட நின்னாரு, பெரியப்பா தண்ணி டேங்கர் பைப்பைப் புடிச்சுட்டு நின்னாரு, சித்தப்பா வர்ற காருக்கெல்லாம் நிழலாப் பார்த்து எடம் காட்டிட்டிருந்தாரு, என் தம்பி பந்தக்கால் ஓரமா கொழந்தைய தோள்ல போட்டு தட்டிட்டிருந்தான். மைக்ல "நம்ம வகையறாவுக்குப் பெருமை சேர்த்தவங்க"ன்னு சொன்னப்பல்லாம் நான் திரும்பித் திரும்பி அந்த நாலு பேரைத்தான் பார்த்தேன். ஒருத்தராவது நிமிர்ந்து மேடையப் பார்க்கணுமே, ம்ஹூம், சாம்பார்ல உப்பு சரியா இருக்கான்னு பார்க்கறதுலதான் எங்கப்பா கண்ணு.

எங்கப்பா 22 வருசம் போர் வண்டியில இருந்தாரு. நமக்குள்ள இதை விளக்க வேண்டியதில்ல, சங்ககிரின்னா லாரி, நாமக்கல்னா முட்டை, திருச்செங்கோடுன்னா போர் வண்டி, இது இந்தப் பக்கம் பொறந்த கொழந்தைக்கும் தெரியும். ஆனா வெளியூர்க்காரங்களுக்கு இது ஒரு அதிசயமுங்க, என் வீட்டுக்காரரோட ஃப்ரெண்டு ஒருத்தர் ராஜஸ்தான் டூர் போனப்ப ரோட்டோரத்துல நின்ன ரிக் வண்டி மேல தமிழ்ல திருச்செங்கோடுன்னு எழுதியிருக்கறதப் பார்த்துட்டு போட்டோ புடிச்சு அனுப்பினாரு, "உங்க ஊர் வண்டி இங்க என்ன பண்ணுது"ன்னு. அந்த போட்டோவ நான் ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தேன். வண்டிக்குப் பின்னாடி ஒரு ஆளு வெள்ளைப் பொடி அப்பின மூஞ்சியோட உக்காந்து சோறு தின்னுட்டிருந்தாரு. எங்கப்பா அத்தனை வருசச் சாப்பாட்டையும் அப்படித்தான் சாப்பிட்டிருப்பாருன்னு அதுக்கு முன்னாடி எனக்குத் தோணினதே இல்ல.

வடக்க மழை புடிச்சு வண்டி நின்னாத்தான் அப்பா ஊருக்கு வருவாரு, அதுவும் ரெண்டு மாசம், ரெண்டரை மாசம். மத்த நாளெல்லாம் போன்தான். இப்ப மாதிரி வீடியோ கால் இல்லீங்க, தொண்ணூறுகள்ல எங்க வீட்ல போனே கிடையாது, பக்கத்து வீட்டு நம்பரைத்தான் பி.பி.ன்னு போட்டு எல்லாருக்கும் குடுத்து வெச்சிருந்தோம். எஸ்டிடிக்கு, அதாவது வெளியூர் போனுக்கு, ராத்திரி 11 மணிக்கு மேலதான் கால்வாசிக் கட்டணம், அதனால ஞாயித்துக்கெழமையான்னா அப்பா அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாரு, பக்கத்து வீட்டு அத்தை தூங்காம முழிச்சிருக்கும் பாவம், நானும் தம்பியும் அவங்க திண்ணையில பாயைப் போட்டுப் படுத்துத் தூங்கியே போயிருப்போம், போன் அடிச்ச உடனே அம்மா எங்களை உலுக்கி எழுப்பி, பாதித் தூக்கத்துல ரிசீவரைக் காதுல வெப்பாங்க. அந்தப் பக்கம் மீட்டர் ஓடிட்டிருக்கும். நல்லாப் படிக்கிறியா, சண்டை போடாம இருக்கியான்னெல்லாம் எங்கப்பா கேக்க மாட்டாரு. கணக்குத்தான் கேப்பாரு. "அம்மிணி, இன்னிக்கு 430 அடி போட்டிருக்கோம், ஒரு ராடு 20 அடி, எத்தனை ராடு உள்ள போயிருக்கும் சொல்லு பாப்போம்." நான் தூக்கத்துல திணறி 21ம்பேன். "21 முழுசா போயிருச்சு, 22ஆவது?" "பாதி உள்ள, பாதி வெளிய." அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேக்கும் பாருங்க, அதுக்காகவே ஞாயித்துக்கெழமைய எதிர்பார்த்துட்டு கெடப்பேன். எட்டாவதோட படிப்ப நிறுத்தின மனுசன். இன்னிக்கு நான் பேங்க்ல உக்காந்து கணக்குப் பார்க்கறேன்னா அந்த வகுத்தல் கணக்கெல்லாம் கால் கட்டணத்துல படிச்சதுதான்.

போனை வெக்கறதுக்கு முன்னாடி நானும் ஒண்ணு கேப்பேன், "தண்ணி வந்துச்சாப்பா?"ன்னு. எப்பக் கேட்டாலும் வந்துருச்சு கண்ணுன்னுதான் சொல்லுவாரு. பெரிய பொண்ணானப்புறம் ஒரு நாள் அம்மாதான் சொன்னாங்க, பாதி போர் புழுதிதான், கடன் வாங்கி போர் போட்ட சம்சாரி குழி ஓரத்துல உக்காந்து அழுவாராம், அதைப் பார்த்துட்டு வந்துதான் எஸ்டிடி பூத்துல நின்னு எங்ககிட்ட தண்ணி வந்துருச்சுன்னு சொல்லிருக்காரு. புள்ளைங்க சந்தோசமா தூங்கட்டும்னு.

கம்ப்ரஸர் சத்தத்துல காது போயிருச்சு. அதனாலதான் அவரு பேசறதே சண்டை போடற மாதிரி இருக்கும், என்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்க "காபி எடுத்துக்கங்க"ன்னு அவரு சொன்னதுக்கே ஒரு நிமிசம் ஆடிப்போயிட்டாங்க. மூக்குக்கும் வாய்க்கும் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. அந்தப் பாறைப் பொடியில சிலிக்கா இருக்குது, நுரையீரல்ல போய்ப் படிஞ்சுட்டா சரி பண்ண மருந்து கிடையாதுன்னு நான் படிச்சுத் தெரிஞ்சுக்கறதுக்குள்ள அவரு வண்டிய விட்டு இறங்கி நாலு வருசம் ஆயிருச்சு. இப்ப வருசா வருசம் எக்ஸ்ரே எடுக்கறோம். இதுவரைக்கும் சாமி புண்ணியத்துல ஒண்ணுமில்ல.

இந்த எடத்துல எங்கம்மா இதைப் படிச்சா என்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும். "அவரு போன்ல கணக்கு கேட்டாரு சரி, காய்ச்சலு வந்தப்ப உன்னைத் தூக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடினது யாரு?" நியாயம்தானுங்க. தெனமும் சோறாக்கி, துணி தொவச்சு, ரேசன் வரிசையில நின்னு எங்களை வளர்த்தது அம்மாதான், அதுக்கு மேடையும் இல்ல மைக்கும் இல்ல. ஒரு அப்பா கொழந்தைக்கு ஒரு வாய் சோறு ஊட்டிட்டா ஊரே கைதட்டுது, அம்மா ஆயிரம் வாய் ஊட்டினாலும் அது கடமைங்கறாங்க, இந்த ஓரவஞ்சனை எனக்கும் எரிச்சல்தான். அதனால அப்பாங்களைத் தூக்கி சாமி பக்கத்துல வையுங்கன்னு நான் கேக்க வரல. நம்ம ஆளுங்ககிட்ட எதைப் பெருமைன்னு காட்டறீங்க, எதைக் கண்டுக்காம விடறீங்கங்கறதுதான் என் பிரச்சனை. மேடைக்கு முன்னாடி உக்காந்திருந்த 15, 16 வயசுப் பசங்க என்ன கத்துக்கிட்டாங்க? மில் போட்டா பொன்னாடை, வண்டி எடுத்தா பொன்னாடை. புள்ளைக்கு ஜடை பின்னினா?

ஆமாங்க, ஜடைதான். சித்தப்பாவைத்தான் சொல்றேன்.

2009ல சித்தி மஞ்சக்காமாலையில போனாங்க. பெரிய பொண்ணுக்கு ஏழு வயசு, சின்னவனுக்கு நாலு. சித்தப்பா அப்ப சங்ககிரியில ஒரு நேசனல் பெர்மிட் லாரியில டிரைவர், ஏறினா வாரக்கணக்குல வர மாட்டாரு. காரியம் முடிஞ்ச மூணாம் மாசமே ஒறம்பரையெல்லாம் கூடி "உனக்கென்ன வயசாயிருச்சு, இன்னொருத்தியப் பாத்துக் கட்டு, கொழந்தைங்களுக்கு ஆளு வேணுமில்ல"ன்னு பேசினாங்க. ரெண்டாங்கல்யாணம் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், அது அவங்கவங்க நெலமை. ஆனா சித்தப்பா ஒரே ஒரு பதில்தான் சொன்னாரு, "கொழந்தைங்களுக்கு ஆளு நானிருக்கேன்"னு. அந்த வாரமே லாரி சாவியக் கொண்டுபோய் ஓனர்கிட்ட குடுத்துட்டு ஒரு ஸ்கூல் வேனுக்கு டிரைவராப் போயிட்டாரு. சம்பளம் பாதிக்கும் கீழ.

கவர்மெண்ட் ஸ்கூலு, பொண்ணுங்கன்னா ரெட்டை ஜடை, ரிப்பன் வெச்சு மடிச்சுக் கட்டணும். சித்தப்பாவுக்கு எங்கிருந்து தெரியும். எங்கம்மாகிட்ட வந்து உக்காந்து ஒரு மணி நேரம் பார்த்தாரு, மூணு கால், இது மேல அது, அது மேல இதுன்னு. அப்புறம் வீட்டுக்குப் போயி லாரி தார்ப்பாய் கட்டற கயிறு மூணு துண்டு எடுத்து ஜன்னல் கம்பியில கட்டி ராத்திரி பூரா பின்னிப் பின்னிப் பார்த்திருக்காரு. மறுநாள் காலையில தங்கச்சி ஸ்கூலுக்குப் போறா பாருங்க, கண்ணு ரெண்டும் மேல இழுத்துக்கிட்டு சீனாக்காரப் புள்ள மாதிரி! பதினாறு டன் லோடு நவுராம கட்டின கையில்ல, ஏழு வயசு மண்டைக்கு எவ்வளவு இறுக்கம்னு அதுக்கு எப்படித் தெரியும். டீச்சர் அவுத்து வேற பின்னி விட்டாங்களாம். ஒரு மாசத்துல சரியாயிருச்சு, ஆறு மாசத்துல எங்கம்மா பின்னறத விட சித்தப்பா பின்னறது நல்லா இருக்குன்னு தெருவுல ரெண்டு புள்ளைங்க காலையில அங்க போயி வரிசையில நிக்க ஆரம்பிச்சுச்சுங்க. டீக்கடையில இதை வெச்சு ஓட்டாத ஆளு கிடையாது. உங்க கமிட்டியிலயே ஒருத்தர் அவருக்கு வெச்ச பட்டப்பேரு எனக்கு ஞாபகமிருக்கு, இங்க எழுத மாட்டேன், எழுதினா அவருக்குத்தான் அசிங்கம்.

தங்கச்சி வயசுக்கு வந்தப்ப மெடிக்கல் ஷாப்புல பேடு வாங்கப் போயிருக்காரு. கடைக்காரரு வழக்கம்போல நியூஸ்பேப்பர்ல சுத்தி, மேல ஒரு கறுப்புக் கவர் போட்டுக் குடுத்தாராம். "எதுக்குப்பா இவ்வளவு பேப்பரு, என்ன திருட்டுப் பொருளா"ன்னு அப்படியே எடுத்து வேன் சீட்டு மேல வெச்சுட்டு வந்திருக்காரு. இதை அவரு சொல்லி எனக்குத் தெரியல, தங்கச்சிதான் காலேஜுல ஃப்ரெண்ட்ஸுங்ககிட்ட சொல்லிச் சொல்லி பெருமையடிச்சுக்குவா.

எங்க அப்பத்தா சித்தப்பாவைப் பார்த்தா தாயுமானவரு கதையத்தான் சொல்லும். திருச்சி மலைக்கோட்டையில இருக்காரே அவரு. செட்டிப் பொண்ணு ஒருத்திக்கு பிரசவ வலி, தாய்க்காரி பூம்புகார்லருந்து வரணும், காவிரியில வெள்ளம், அக்கரையில மாட்டிக்கிட்டா, அப்ப சிவனே அந்தத் தாய் மாதிரி வேசம் போட்டு வந்து பிரசவம் பாத்துட்டு, மருந்து அரச்சுக் குடுத்துட்டு, வெள்ளம் வடிஞ்சு நெசத் தாய் வந்து வாசல்ல நிக்கறப்பதான் மறைஞ்சாராம். அத்தனை தூரம் எதுக்குங்க, நம்ம வீட்டு மொட்டைமாடியில நின்னு பார்த்தா மலை மேல யாரு இருக்காரு? அர்த்தநாரீஸ்வரரு. பாதி அப்பன் பாதி அம்மை. வருசா வருசம் வைகாசி விசாகத்துக்கு அவரு தேரை இழுக்கறோம், வேண்டிக்கிட்டா ஆயிரத்து சொச்சம் படி ஏறிப்போய் கும்பிடறோம், வீட்ல ஒருத்தன் பாதி அம்மாவா இருந்தா மட்டும் பட்டப்பேரு வெக்கறோம்.

போன வருசம் அப்பாக்கள் தினத்துக்கு எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்டப்ப தங்கச்சி ஒரு விசயம் தேடிப் புடிச்சுக் கொண்டுவந்தா. இந்த நாளே எப்படி வந்துச்சுன்னா, அமெரிக்காவுல வாசிங்டன் மாநிலத்துல ஸ்போகேன்னு ஒரு ஊரு, அங்க சொனோரா ஸ்மார்ட் டாட்னு ஒரு அம்மா, அவங்கம்மா பிரசவத்துல செத்துப்போக அப்பா ஒத்த ஆளா ஆறு புள்ளைங்களை வளர்த்தாரு. 1909ல சர்ச்சுல அன்னையர் தினப் பிரசங்கம் கேட்டப்ப, எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் ஒரு நாள் இல்லைன்னு இந்தம்மாவுக்குத் தோணி, ஊருக்குள்ள நடையா நடந்து 1910 ஜூன்ல மொத தடவையா நடத்திக் காட்டினாங்களாம். நிக்சன் பிரசிடெண்டா இருந்தப்ப 1972லதான் அது சட்டமாச்சு, கிட்டத்தட்ட 62 வருசம். தங்கச்சி இதைப் படிச்சுட்டு "அக்கா, நெசமாவே இது எங்கப்பாவோட நாளுதான்"னு சொல்லி ஒரே அழுகை. சித்தப்பா பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சுட்டு, "அந்தாளுக்கு ஆறா? எனக்கு ரெண்டுதானே"ன்னாரு.

தம்பி கதை சின்னது, ஆனா அதுக்குத்தான் வீட்ல பெரிய சண்டை. 2023ல அவனுக்குப் பொண்ணு எட்டாம் மாசத்துலயே பொறந்துருச்சு, 1 கிலோ 600 கிராம். கண்ணாடிப் பெட்டியில கொஞ்ச நாள் இருந்துட்டு வெளிய எடுத்தப்ப டாக்டரம்மா கங்காரு மாதிரி நெஞ்சு மேல தோலோட தோல் படற மாதிரி வெச்சுக்கணும், எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம், அம்மாவுக்கு ஆபரேசன் ஆயிருக்கு, அப்பாவும் செய்யலாம்னு சொன்னாங்க. 1970கள் கடைசியில கொலம்பியா நாட்டுல பொகோட்டாங்கற ஊர்ல இன்குபேட்டர் பத்தாத ஆஸ்பத்திரியில கண்டுபிடிச்ச முறையாம், எடை கம்மியாப் பொறந்த கொழந்தைக்கு சூடும் கிடைக்கும், மூச்சும் சீரா இருக்கும், இன்ஃபெக்சனும் கம்மின்னு இப்ப உலகம் பூரா செய்யறாங்க. தம்பி சட்டையக் கழட்டிட்டு சேர்ல சாஞ்சு உக்காந்தான், உள்ளங்கை அளவு புள்ளைய நெஞ்சு மேல வெச்சு துணியால சுத்திவிட்டாங்க. பார்க்க வந்த ஒரு பெரியவரு "ஆம்பளப் பய செய்யற வேலையா இது, சட்டையப் போடுறா"ன்னு ரூமுக்குள்ளயே சத்தம் போட்டாரு. தம்பி அசையல, அசைஞ்சா புள்ள முழிச்சுக்கும்னு கிசுகிசுன்னு "அப்புறம் பேசிக்கலாம் போங்க"ன்னான். அவன் வாழ்க்கையில பெரியவங்களை எதுத்துப் பேசினது அது ஒண்ணுதான், அதையும் கிசுகிசுப்பாத்தான் பேசினான்.

அவன் கம்பெனியில இதுக்கு குடுத்த லீவு அஞ்சு நாளு. மத்திய அரசு வேலையில இருக்கற ஆம்பளைக்கு மொத ரெண்டு கொழந்தைக்கும் 15 நாள் உண்டு, அம்மாக்களுக்கு 2017 சட்டத்துல 26 வாரம் ஆக்கிட்டாங்க, பிரைவேட்ல இருக்கற அப்பனுக்கு சட்டத்துல ஒரு நாள்கூட கிடையாது, ஓனரு மனசு வெச்சா உண்டு. சரி அது டெல்லியில கேக்க வேண்டிய கேள்வி, உங்ககிட்ட கேட்டு என்ன பண்ண. மீதி நாளெல்லாம் சம்பளம் இல்லாத லீவு போட்டு நெஞ்சுலயே வெச்சிருந்தான். விழாவுல தோள்ல போட்டு தட்டிட்டிருந்தானே, அந்தப் புள்ளதான் அது. உங்க ஸ்பீக்கர் சத்தத்துல தூங்க மாட்டேன்னு அடம்.

இப்ப பெரியப்பா. இந்தக் கடுதாசியே அவருக்காகத்தான், இதுவரைக்கும் சுத்திச் சுத்தி வந்தேன், ஏன்னா இதை எழுத எனக்குக் கை வரல.

பெரியப்பா தறி ஓட்டறவரு, சொந்தமா நாலு விசைத்தறி, சாளைக்கு (காட்டு வீட்டுக்கு) பக்கத்துல ரெண்டு ஏக்கரா மேட்டுக்காடு. மூணும் பொண்ணு. மூணாவது பொறந்தது 1993ல. அப்ப நாமக்கல் தனி மாவட்டம் ஆகல, 1997லதான் பிரிச்சாங்க, நாமெல்லாம் சேலம் மாவட்டம். சேலம் மாவட்டம்னா அன்னிக்கு பேப்பர்ல எதுக்கு பேரு வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், பொட்டப்புள்ள பொறந்தா நெல்லு, கள்ளிப்பால். அதனாலதான் 1992ல தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசாங்கம் மொதல்ல நம்ம மாவட்டத்துல கொண்டுவந்துச்சு, வேண்டாம்னா கொல்லாதீங்க, தொட்டில்ல போட்டுட்டுப் போங்கன்னு. பெரியம்மா ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கு ராத்திரி நம்ம ஒறம்பரையில மூத்த ஒரு பொம்பளை (இப்ப இல்ல, அதனால விட்டுடலாம்) பெரியப்பாகிட்ட நாசூக்கா "கவர்மெண்டே தொட்டில் வெச்சிருக்காங்களாமா"ன்னு சொல்லுச்சாம். பெரியப்பா ஒண்ணும் பேசல. மறுநாள் விடிகாலம் சைக்கிள எடுத்துட்டு சந்தைக்குப் போயி அஞ்சு கிலோ சக்கரை வாங்கிட்டு வந்து, வீட்டு வீட்டுக்கு நின்னு நின்னு குடுத்தாரு. ஆம்பளப் புள்ள பொறந்தாத்தான் அப்பெல்லாம் சக்கரை குடுக்கறது. "பையனாங்க"ன்னு கேட்டவங்களுக்கெல்லாம் "மகாலட்சுமி"ன்னாரு. ராத்திரியில கொழந்தைய தறிக்கூடத்துல அவரு பக்கத்துலயே ஒரு சீலைத் தொட்டில் கட்டிப் போட்டுக்குவாராம், ஒரு கை தறியில, ஒரு கை தொட்டில் கயித்துல. மூணு மாசம் அந்தப் புள்ளைய யாரு கையிலயும் தனியா குடுக்கலைன்னு பெரியம்மா சொல்லும். எதுக்குன்னு பெரியம்மாவும் கேக்கல, அவரும் சொல்லல. இப்பவும் அந்தக்கா தறிச் சத்தம் கேட்டாத்தான் நல்லா தூக்கம் வரும்ங்கறா.

மூத்தது நர்ஸு, ரெண்டாவது டீச்சரு, மூணாவது, அந்த சக்கரைக்காரி, நாலு தறிய எட்டாக்கி பெரியப்பாவையும் பெரியம்மாவையும் கூட வெச்சுப் பார்த்துக்கறா. காட்டை மூணா அளந்து மூணு பேருக்கும் எழுதி வெச்சுட்டாரு.

விழா அன்னிக்கு தலைக்கட்டு வரி கட்ட அவரு கூட நானும் டேபிள்கிட்ட வந்தேன். நோட்டைப் புரட்டிட்டிருந்தீங்க. பெரியப்பா பேரு, அதுக்கு நேரா வரி கட்டின வருசமெல்லாம் டிக்கு, கடைசிக் கட்டத்துல செவப்பு இங்க்ல "வாரிசு இல்லை". நான் பார்த்தேன். அவரும் பார்த்தாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு, 1,000 ரூபா குடுத்துட்டு, "ரசீது அப்புறம் வாங்கிக்கறேன், தண்ணி வண்டி வந்துருச்சு"ன்னு பைப்பைப் புடிக்கப் போயிட்டாரு. தண்ணி வண்டி அதுக்கப்புறம் அரை மணி நேரம் கழிச்சுத்தானுங்க வந்துச்சு.

எழுதினவரு கெட்ட எண்ணத்துல எழுதலைன்னு எனக்குத் தெரியும். பையன் இருந்தா அவன் பேருக்கு அடுத்த வரி போகும், பொண்ணுங்க வேற கோயிலுக்குப் போயிரும், அதனால கணக்குக்காக போட்ட குறிப்பு. ஆனா தமிழ்நாட்டுல பொண்ணுங்களுக்கு பூர்வீக சொத்துல சமபங்குன்னு 1989லயே சட்டம் வந்துருச்சு, 2005ல நாட்டுக்கே வந்துருச்சு, நம்ம கோயில் நோட்டுக்கு மட்டும் இன்னும் வந்து சேரல. சொத்தைக்கூட விடுங்க. மூணு புள்ளைங்களை அந்தக் காலத்துல அந்த ஊர்ல உசுரோட காப்பாத்தி, படிக்க வெச்சு, ஆளாக்கின மனுசன் பேருக்கு நேரா "இல்லை"ங்கற வார்த்தை எப்படிங்க வரும்?

அதனால இந்த மாசிக்கு நான் கேக்கறது இதுதான். பொன்னாடை வேண்டாம், அவங்க நாலு பேரும் மேடை ஏற மாட்டாங்க, கூப்பிட்டா எங்கப்பா காது கேக்காத மாதிரி நடிப்பாரு (நெசமாவே கேக்கலைன்னு நீங்க நெனச்சுக்குவீங்க). மைக்ல அஞ்சு நிமிசம் குடுத்தா தங்கச்சி பேசறேங்கறா, தார்ப்பாய்க் கயிறு கதைய சொல்லணுமாம், முன் வரிசையில அந்தப் பசங்களை உக்கார வெச்சுட்டு. அது உங்க இஷ்டம். ஆனா அந்த நோட்டுல செவப்பு இங்க்ல எழுதினதை அடிச்சுட்டு மூணு அக்காங்க பேரையும் எழுதிருங்க. வரி எவ்வளவுன்னு சொல்லுங்க, கட்டறதுக்கு மூணு பேரும் ரெடியா இருக்காங்க, நான் கேட்டுட்டுத்தான் எழுதறேன். நர்ஸக்கா தலைக்கு ஆயிரமா ரெண்டாயிரமான்னு மட்டும் கேட்டுச் சொல்லச் சொன்னா.

அப்புறம் போன வருச ரசீது இன்னும் வரலீங்க. பெரியப்பா பேருக்கே போட்டு அனுப்புங்க, அவரு பத்திரமா வெச்சுக்குவாரு, 1980கள்ல இருந்து எல்லாத்தையும் ஒரு பிஸ்கட் டப்பாவுல வெச்சிருக்காரு.

இப்படிக்கு,
உங்க வீட்ல பொறந்து வெளிய கட்டிக்குடுத்த பொண்ணு